ஊருக்கே உதிர்த்த கோழி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தேவாலய விருந்துகளிலும் பள்ளி விளையாட்டுத் திடல்களிலும் கிடைக்கும் உதிர்த்த கோழி சாண்ட்விச் பார்வைக்கு எடுப்பானதல்ல: மெத்தென்ற பன், நடுவே வெளிறிய இறைச்சி. ஆனால் பலருக்கு ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாற இதைவிடப் பொருத்தமான உணவு அரிது என்பேன். 1971-இல் ‘கிராக்-பாட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த ஸ்லோ குக்கர், அதாவது மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம், இதற்கு வாகாக அமைந்தது. கோழித் தொடையில் இணைப்புத் திசு அதிகம். மிதமான சூட்டில் சில மணி நேரம் கிடந்தால் அதிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து, நார் நாராகப் பிரியும் இறைச்சியை ஈரமாக வைத்திருக்கிறது.

நெஞ்சுக்கறி வறண்டுவிடுமே என்பார்கள். உண்மைதான், அதில் கொலாஜன் குறைவு. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டியதும் எடுத்து உதிர்த்து, வெந்த சாற்றிலேயே திரும்பப் போட வேண்டும். வறுத்த மணம் இல்லை என்ற குறை இன்னும் நியாயமானது. மூடிய பாத்திரத்தின் ஈரத்தில் இறைச்சி சிவக்காது. ஒஹாயோக்காரர்கள் அந்த மணத்தைத் தேடிப் போவதில்லை. உப்பு பிஸ்கட்டையோ உருளைக்கிழங்கு சிப்ஸையோ நொறுக்கிப் போட்டுச் சாற்றைக் கெட்டியாக்குகிறார்கள். எனக்கு இதுவே சரியான முடிவாகப் படுகிறது. பன் ஊறிப் பிய்ந்துபோவதில்லை, தாமதமாக வருபவருக்கும் கரண்டியில் அதே பதம் கிடைக்கிறது.