நாலு பந்து, ஒரு வாள், அடக்கத்துக்குக் காசில்லை

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை வட்டாரத்தில் விரல் வித்தைக்கு மரியாதை உண்டு, அது கேரம் போர்டின் மேல் நடந்தால். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா மூன்று தங்கத்தோடு புதுவண்ணாரப்பேட்டைக்குத் திரும்பினார். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலுக்குச் சங்கம் இருக்கிறது, தரவரிசை இருக்கிறது, நடுவர் இருக்கிறார். அதே விரலால் சீட்டை மறைப்பவருக்குக் கைதட்டல் மட்டும்தான். அதுவும் டிரிக் வெளியே தெரியாத வரைக்கும்.

இந்தக் கணக்கில் ஏமாந்த பழைய ஆள் ராமோ சாமி. ராமசாமிதான், ஆங்கிலேயர் வாயில் அப்படி ஆகிவிட்டார். 1810களில் லண்டன் போய், 1819-ல் அமெரிக்க மேடைகளையும் பார்த்த வித்தைக்காரர். ஆங்கிலக் கட்டுரையாளர் வில்லியம் ஹாஸ்லிட் இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி எழுதியதில் வருபவர் இவரே என்பது பலரின் கணிப்பு. அந்தக் கலைஞர் தரையில் உட்கார்ந்தபடி நாலு பித்தளைப் பந்துகளைச் சுழலவிடுகிறார். ஒன்று இம்மி பிசகினாலும் மற்ற மூன்றும் கைவிட்டுப் போகும். பிஞ்சு வயதில் தொடங்கி ஆளாகும் வரை ஓயாமல் இதையே செய்தாலொழிய இது கைவராது என்று ஹாஸ்லிட் கணித்தார். தேர்ந்த விளையாட்டு நிருபரின் கண் அது.

வாள் விழுங்கும் வித்தையை மட்டும் அவரால் சகிக்க முடியவில்லை. போலீஸ் இதைத் தடுக்க வேண்டும் என்றே எழுதினார். அதில் தந்திரம் கிடையாது, வாள் நிஜமாகவே உள்ளே இறங்குகிறது. குமட்டலைப் பழக்கத்தால் அடக்கி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயையும் உணவுக்குழாயையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எந்த ஜிம்னாஸ்ட்டின் பயிற்சிக்கும் இளைத்ததல்ல.

ராமோ சாமி 1850-ல் லண்டனிலேயே இறந்தார். அடக்கச் செலவுக்கு வழியில்லாமல் அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்டார்.

விளையாட்டில் தோற்றால் அடுத்த போட்டி. மேஜிக்கில் தோற்றால்? கொல்கத்தாவின் மேஜிக் கலைஞர் சஞ்சல் லாஹிரியைக் கேட்டிருக்கலாம். 2013-ல் கூண்டோடு ஹூக்ளி ஆற்றில் இறங்கி வெளியே வந்தார். கூண்டின் கதவு வழியாக வந்ததைப் பார்த்துவிட்ட கூட்டம் அவரை அடித்தது. உயிர் தப்பியதற்கு மார்க் இல்லை, வழி தெரிந்துபோனதற்கு உதை! 2019 ஜூன் 16-ல் உடம்பெல்லாம் சங்கிலியும் கயிறுமாக மறுபடி அதே ஆற்றில் இறங்கினார். மறுநாள்தான் உடல் கிடைத்தது. அந்த 2013 அவமானம் அவரைத் துரத்தியிருக்குமோ என்ற சந்தேகம் இந்தப் பத்திக்கு உண்டு.

பெரிய கம்பெனி வைத்திருந்தவர்களுக்கும் விலை குறைவில்லை. மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் டாக்டர்கள் தடுத்தும் ஜப்பான் போனார். 1971 ஜனவரி 6 அன்று அங்கேயே மாரடைப்பில் இறந்தார். வயது 57. மகன் பி.சி. சர்க்கார் ஜூனியர் ஜப்பான் பறந்து மிச்சமிருந்த ஷோக்களை நடத்தினார். 1999 கிரிக்கெட் உலகக் கோப்பையின் நடுவே தந்தையை இழந்த சச்சின், காரியம் முடித்துத் திரும்பி கென்யாவுக்கு எதிராக 140 அடித்தது நமக்கு மனப்பாடம். சர்க்கார் மகனின் அந்த மேடைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? மேஜிக்கில் ஸ்கோர்போர்டு கிடையாது. உழைப்பு கண்ணில் படாமல் இருப்பதே ஆட்டத்தின் விதி என்பதால், நன்றாக ஆட ஆட, பட்ட பாடு மறைந்துபோகிறது.

தானே நாள் குறித்து விடைபெற்றவர்கள் அபூர்வம். கேரளத்தின் கோபிநாத் முதுகாடு 45 வருட மேடைக்குப் பிறகு, 2021 நவம்பரில் தொழில்முறை மேஜிக்கை நிறுத்தி, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான கலை மையத்துக்குத் தன்னைக் கொடுத்துவிட்டார்.

வடசென்னையில் பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா, பிறந்தநாள் என்று மேஜிக் ஷோ புக் பண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அரை மணி ஆட்டத்துக்கு எதற்கு இவ்வளவு என்று பேரம் பேசாதீர்கள். ஒத்திகைக்கும் சேர்த்துக் கொடுங்கள், அன்றைக்கே கையில் கொடுங்கள்.