ஆறும் எட்டும் சந்திக்கும் இடம்

மேன்ஹாட்டனில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடி. மரத்தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் ஒரு ஸ்பீக்கர். வாரம் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு அங்கே, ஸ்விங் இசைக்கு ஆடுகிற ஜோடி நடனமான லிண்டி ஹாப்பின் தொடக்க வகுப்பு. எட்டு மணிக்கு இடைநிலை வகுப்பு. ஒன்பது மணிக்கு விளக்கைத் தணித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து ஆடுவார்கள். நான் எட்டு மணிக்காரன். ஆனாலும் ஏழுக்கே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிடுவேன். வித்வான் சுருதி சேர்ப்பதைக் கேட்கவென்றே முன்கூட்டிப் போகிற ரசிகர்கள் உண்டு. முதல் நாள் வந்த ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரின் கையைத் தொடுகிற அந்தக் கணம் எனக்கு அப்படி.

முப்பது பேர் ஜோடி ஜோடியாகப் பெரிய வட்டத்தில் நிற்பார்கள். ஆட்டத்தை நடத்திப் போகிறவர் லீட், அதற்கு இசைந்து பதில் சொல்கிறவர் ஃபாலோ. ஒரு காலத்தில் ஆண் லீட், பெண் ஃபாலோ என்று பழகியிருந்தது. இப்போது யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஓர் அடியைக் காட்டுவார், இரண்டு முறை ஆட விடுவார், பிறகு "ரொட்டேட்" என்று குரல் கொடுப்பார். ஃபாலோக்கள் எல்லாரும் அடுத்த லீடிடம் நகர்வார்கள். புதிய முகம், ஒரு பெயர், ஒரு புன்னகை, மறுபடி அதே அடி. மணி முடிவதற்குள் ஒவ்வொரு லீடின் கையும் ஒவ்வொரு ஃபாலோவுக்கும் வந்து போயிருக்கும்.

இந்தச் சுற்றில்தான் கூட்டு வகுப்பின் உயிர் இருக்கிறது என்பது என் கட்சி. தனி வகுப்பில் அடிகள் வேகமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே கையோடு பழகுகிறவர் அந்தக் கையின் குணத்தைத்தான் கற்கிறார். வட்டத்தில் வருகிற கைகளோ ஒன்றுபோல் ஒன்று இராது. பயத்தில் சில்லிட்ட கை வரும். கட்டைவிரலால் இறுக்கிப் பூட்டுகிற கை வரும். பிழியாத துணிபோல் கனத்துத் தொங்குகிற கை வரும். பத்துப் பேருக்கு ஒருவர், என்ன வருகிறது என்று காத்திருக்கிற கையோடு வருவார். முதல் நாள்காரருக்கே சில சமயம் அது வாய்த்துவிடும். அந்தக் கையைத் தொட்டவர், அதற்குப் பிறகு வருகிற கைகளிலெல்லாம் அதைத் தேடத் தொடங்குவார்.

பிடி என்ற சொல்லே இங்கே பொருந்தாது. லீடின் கை இடுப்பு உயரத்தில், வாளியின் கைப்பிடியைத் தாங்குவதுபோல் விரல்கள் லேசாக மடங்கியிருக்கும். ஃபாலோவின் விரல்கள் அதன்மேல் கொக்கிபோல் அமரும். கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது. இப்போது இருவரும் மிகச் சிறிதாகப் பின்வாங்குவார்கள். முழங்கையை நீட்டிவிடக் கூடாது, தோளை இழுக்கவும் கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் முதுகில் ஒரு தசை விழித்துக்கொள்ள வேண்டும். கிணற்றில் வாளி நிறைந்ததும் தொய்ந்து கிடந்த கயிறு விறைக்குமே, அந்த விறைப்பு இரண்டு உடல்களுக்கும் நடுவே வரும். அது வந்த பிறகு தள்ளவோ இழுக்கவோ தேவையில்லை. ஒருவர் எடையை மாற்றினால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். புதியவர்கள் இதை உணர்ந்ததும் முகத்தில் காட்டிவிடுவார்கள். நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து அந்த முகங்கள் நன்றாகத் தெரியும்.

தொடக்க வகுப்பில் முதலில் தருவது ஆறு எண்ணிக்கை அடி. பின்கால் வைத்து மீள்கிற ராக் ஸ்டெப்புக்கு இரண்டு. பிறகு இரண்டு தட்டுக்கு மூன்றடியாகச் சிதறுகிற ட்ரிபிள் ஸ்டெப், இரண்டிரண்டு எண்ணிக்கையாக இரு முறை. மொத்தம் ஆறு. ஆனால் பாட்டு எட்டு எட்டாக நடக்கிறது. அதனால் அடி ஒவ்வொரு முறையும் இசையின் வேறொரு இடத்தில் தொடங்கும். நான்கு முறை ஆடினால் 24 தட்டு; எட்டு எண்ணிக்கை மூன்று முறை முடிகிற அதே இடத்தில் அடியும் வந்து விழும். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்தில் வந்து விழுகிறபோது சபையில் தலைகள் அசைகின்றனவே, அந்தக் கணக்குதான். தொடக்கக்காரருக்கு இந்தக் கணக்கு தெரியாது. காலைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பார். ஆனாலும் அவர் காலடியில் அது நடந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்த இடத்தில் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. இதே மேன்ஹாட்டனில் கறுப்பர் பெருவாரியாக வாழ்ந்த ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில் 140-ஆம் தெருவுக்கும் 141-ஆம் தெருவுக்கும் நடுவே, 1926 மார்ச்சில் சவாய் பால்ரூம் திறந்தது. ஒரு தெருத்தொகுதி முழுவதையும் பிடித்த கூடம், இரண்டு மேடைகள். ஒரு பேண்ட் இறங்குவதற்குள் அடுத்தது வாசிக்கத் தொடங்கிவிடும். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி வாசல் என்றிருந்த நாட்டில், இரு தரப்பும் ஒரே தரையில் ஆடின. அங்கே கற்றுக்கொண்டவர்கள் பார்த்துத்தான் கற்றார்கள். கூடத்தின் பின்புறத் தெருவில் குடியிருந்த சிறுமி நார்மா மில்லர், வீட்டிலிருந்தபடியே சவாயின் இசையைக் கேட்டும் ஆட்டக்காரர்களின் நிழலைப் பார்த்தும் ஆடப் பழகினார். பின்னால் அவரே அந்தத் தரையின் ராணிகளில் ஒருவரானார். சவாயில் ஒரு மூலை தேர்ந்தவர்களுக்கென்றே இருந்தது. அங்கே கால் வைக்கத் துணிவு வேண்டும். ஒருவர் புது அடி ஒன்றைப் போட்டால், அடுத்த வாரம் அதை மிஞ்ச இன்னொருவர் வருவார்.

ஃப்ராங்கி மானிங் அந்த மூலையில் வளர்ந்தவர். 1935-இல் ஒரு போட்டியில், தன் ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனை முதுகின்மேல் உருட்டி முன்னால் இறக்கினார். லிண்டி ஹாப்பில் ஆகாயத்தில் போகிற அடிகள் அங்கிருந்து தொடங்கியதாகவே சொல்வார்கள். 1941-இல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் அவர் அமைத்த ஆட்டம் சில நிமிடங்கள்தான். நூறு முறையாவது பார்த்திருப்பேன். இன்னும் எனக்கு மூச்சு முட்டுகிறது. பிறகு போர் வந்தது, இசையின் சுவை மாறியது, 1958-இல் சவாய் மூடப்பட்டது. ஃப்ராங்கி அதற்கு முன்பே தபால் துறை வேலைக்குப் போய்விட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடிதங்களோடு கழிந்தன.

1980-களில் இளைஞர்கள் பழைய படச்சுருள்களைப் பார்த்துவிட்டு, இதை ஆடியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினார்கள். சவாய்க்காரரான ஆல் மின்ஸ் நியூயார்க்கில் கற்றுக்கொடுத்தார். ஸ்வீடன்காரர்கள் 1984-இல் அவரைத் தங்கள் நாட்டுக்கு வரவழைத்தார்கள். 1986-இல் கலிஃபோர்னியாவிலிருந்து இருவர் ஃப்ராங்கியைக் கண்டுபிடித்துக் கற்றுத்தரச் சொன்னார்கள். அவருக்கு வயது 72. இந்தக் கலையின் வரலாற்றில் என்னை மிகவும் தொடுகிற இடம் இது. பார்த்துப் பார்த்து உடம்பில் ஏற்றிக்கொண்ட ஒன்றை இப்போது துண்டு துண்டாக்கிக் காட்ட வேண்டும். எந்த எண்ணிக்கையில் எந்தக் கால் என்று அவர் தன் வாலிபத்தில் யோசித்ததே இல்லை. தன் உடம்பையே ஒரு மாணவனைப்போல் கவனித்து, அந்த அடிகளை அவர் மீட்டெடுத்தார். இன்று உலகமெங்கும் நடக்கிற வகுப்புகளின் வேர் அந்த முதியவரின் பொறுமையில் இருக்கிறது. ஸ்வீடனில் ஹெரெங் என்ற சிற்றூரில் 1982 முதல் நடக்கிற கோடை முகாமுக்கு அவர் ஆண்டுதோறும் போனார். எண்களைவிட வாயால் ஜதிபோல் ஒலியெழுப்பிச் சொல்லித்தருவதே அவருக்கு இயல்பு. எதிரே நிற்பவரை ஓர் அரசியைப்போல் நினைத்து வணங்கி ஆடச் சொல்வார். ஒரு பாட்டு ஓடுகிற மூன்று நிமிடமும் அவரைக் காதலிக்கச் சொல்வார். 2009-இல், 95 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் மறைந்தார். அவர் பிறந்த மே 26-ஐ லிண்டி ஹாப் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஹார்லெமின் பெயரையே உச்சரிக்காமல் இரண்டு மாதம் நடந்த வகுப்பு ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். அடிகள் சுத்தமாக வந்தன. ஆனால் யாருடைய வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டது போலிருந்தது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லெனாக்ஸ் அவென்யூவுக்குப் போனேன். கூடம் இருந்த இடத்தில் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. 2002-இல் வைத்த நினைவுப் பலகை ஒன்று இருக்கிறது. அதைத் திறந்துவைத்தவர்களில் ஃப்ராங்கியும் நார்மாவும் உண்டு. பலகையின் முன்னால் நடைபாதையில் ஒரு ராக் ஸ்டெப் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இடைநிலை வகுப்புக்கு வருகிறேன். இங்கே வருகிறவர்களுக்கு ஒரு பசி இருக்கும்: புது அடி வேண்டும். நல்ல ஆசிரியர் அதற்கு அவ்வளவு சுலபமாக மசிய மாட்டார். ஸ்விங் அவுட்டையே திரும்பத் திரும்பக் கையில் எடுப்பார். லிண்டி ஹாப்பின் நெஞ்சு அதுதான். எட்டு எண்ணிக்கை. எதிரெதிரே ஒரு கை கோத்து நிற்கிறார்கள். ஒன்றில் பின்வாங்கல், இரண்டில் நெருங்கத் தொடங்குதல், மூன்று-நான்கில் லீடின் வலக்கை ஃபாலோவின் முதுகைச் சேர்கிறது. ஐந்தில் இருவரும் ஒரே அச்சில் சுழல்கிறார்கள். ஆறில் பிரிகை. ஏழு-எட்டில் ஃபாலோ தன் வேகத்தில் பறந்துபோய், கை நீளம் தீருகிற இடத்தில் நிற்கிறார். அடுத்த ஒன்று அங்கேயே காத்திருக்கிறது.

தொடக்க வகுப்பில் கற்ற அதே விறைப்பு, இங்கே ஐந்தாவது எண்ணிக்கையில் சோதனைக்கு வரும். அவசரப்பட்ட லீட் ஃபாலோவை நான்கிலேயே தூக்கி எறிந்துவிடுவார். அப்போது ஃபாலோவுக்குத் தன் கால்களைக் காப்பாற்றுவதற்கே நேரம் சரியாக இருக்கும். பொறுத்திருந்த லீடிடம் ஐந்தில் ஒரு நொடியின் சிறு பங்கு எல்லாம் நின்றதுபோல் ஆகும். இருவர் எடையும் வெளியே சாயும், நடுவில் இருக்கிற கைகள் இரண்டையும் தாங்கும். அந்தத் தயக்கத்திலிருந்து ஃபாலோ வெளியேறுகிறபோது ஒரு முறுக்கு, ஒரு குதிகால் திருப்பு, ஓர் அசட்டையான நடை என்று தனக்குத் தோன்றியதைச் செய்துகொள்ள இடம் கிடைக்கிறது. வர்ணம் பாடி முடித்தவரும் தினம் காலையில் சரளி வரிசைக்குத் திரும்புகிற மாதிரி, இருபது ஆண்டு ஆடியவர்களும் இந்த வகுப்பில் வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்து நிற்பது இந்த ஐந்துக்காகத்தான்.

காதுக்கும் இங்கே பாடம் உண்டு. ஆதி தாளத்தில் வளர்ந்த கை எனக்கு. எட்டில் முதல் தட்டு ஒன்றிலேயே விழும். இங்கே இரண்டிலும் நான்கிலும் தட்டச் சொல்கிறார்கள். சமம் சத்தமில்லாமல் கடந்துபோகும். அதற்கு அடுத்த தட்டில் ஆள் எழுவார். என் கை அதற்கு இணங்க மாதக்கணக்கு ஆனது. இணங்கிய பிறகுதான் கௌன்ட் பேஸியின் பேண்டில் ஃப்ரெட்டி க்ரீனின் கிட்டார் என்ன செய்கிறது என்று காதில் ஏறியது. தனியாக வாசிக்க முனையாமல், தட்டுக்கு ஒரு மீட்டலாக நான்கையும் வாசித்துக்கொண்டே இருக்கிறார். அந்தத் தட்டை மற்றவர்கள் மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டைச் சேர்த்து நீட்டி, மூன்றாவதைக் குட்டையாக உதிர்க்கிறார்கள். நம் திஸ்ர நடையை அறிந்த காதுக்கு அந்த ஆட்டம் உடனே பிடிபடும். ட்ரிபிள் ஸ்டெப்பின் நீளமும் குட்டையும் அதே அளவில் விழ வேண்டும். வேகம் ஏற ஏற அந்த வித்தியாசம் மங்கி இரண்டும் சமமாகிவிடும். எந்த வேகத்தில் எவ்வளவு மங்கவிடுவது என்பதில் ஆட்டக்காரரின் ருசி தெரியும்.

போன மாதம் ஆசிரியர் எங்களைப் பாதி வகுப்பு ஆடவிடாமல் உட்காரவைத்து ப்ளூஸ் கேட்கச் செய்தார். பன்னிரண்டு பார், பாருக்கு நான்கு தட்டு, ஆக 48 தட்டில் ஒரு சுற்று. "48-இல் எத்தனை ஆறு?" என்று கேட்டார். எட்டு, மிச்சமில்லாமல். ஆறு எண்ணிக்கை அடியைச் சுற்றின் தலையில் தொடங்கி எட்டு முறை ஆடினால் அடுத்த சுற்றின் தலையில் நிற்போம். நாங்கள் கடந்து வந்துவிட்டதாக நினைத்த முதல் வகுப்பு அடி அது. அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று ஒன்பது மணிக்கு விளக்குகள் தணிந்தன. ஏழு மணி வகுப்பில் முதல் நாளாக வந்திருந்த அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், கோட்டை மடியில் வைத்தபடி கதவோரம் உட்கார்ந்திருந்தார். போய்க் கை நீட்டினேன். "எனக்கு ஒரே ஓர் அடிதான் தெரியும்" என்றார். அது போதும் என்றேன். பேஸியின் நிதானமான ப்ளூஸ் ஒன்று தொடங்கியது. சுற்றின் தலைக்காகக் காத்திருந்து ராக் ஸ்டெப் வைத்தேன். அவர் குனிந்து காலைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினார். கை சில்லிட்டிருந்தது. மூன்றாவது ஆறில் கட்டைவிரல் தளர்ந்தது. ஐந்தாவதில் கயிறு விறைத்தது. ஆறு, ஏழு. எட்டாவதை முடித்து இருவரும் பின்கால் வைத்த அதே தட்டில் ட்ரம்பெட்டுகள் அத்தனையும் எழுந்தன. அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.