பழைய அரசு லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: செலவு செய்யலாமா?

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயின. அவற்றில் கொஞ்சம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும், கொஞ்சம் பீரோ மேல் துணி போர்த்திக் கிடக்கும். மிச்சமெல்லாம் இன்னும் உழைக்கின்றன. ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில், ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற சாமல்பட்டியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய லேப்டாப், அவர்கள் ஓசூருக்கோ போச்சம்பள்ளிக்கோ கம்பெனி வேலைக்குப் போன பிறகு, வீட்டில் தம்பிக்கும் கடையில் கல்லாவுக்கும் ஆகிவிடுகிறது.

ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, இதத் தேத்தலாமா, இல்ல இஎம்ஐ போட்டுப் புதுசு எடுத்துடலாமா?" அவரிடம் இருப்பது லெனோவோ இ41 வரிசை. ஏஎம்டி செயலி, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். பேட்டரி போய்விட்டது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். காலையில் ஆன் பண்ணிவிட்டு, வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி முடித்தால்தான் குரோம் திறக்கிறது. பட்டா நகல் எடுக்க வந்தவர் அதற்குள் எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறார்.

பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கணினி திணறும் நேரத்தில் அதைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து கிடக்க, சிபியு சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் முதலில் ராமைப் பாருங்கள். சிபியுவே முழுதாக ஏறியிருந்தால், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் மாட்டும் எஸ்எஸ்டியை வாங்கி ஒரு பயனும் இல்லை. இந்தக் கடை லேப்டாப்பில் டிஸ்க் 100-லேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆன் செய்து பல நிமிடம் ஆன பிறகும் இறங்கவில்லை.

ஏன் அப்படி? லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிசெகண்ட். வேண்டிய தகவல் படிக்கும் ஊசிக்கு நேராக வர சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், ஊசி இடம் மாற இன்னொரு பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுப்பதென்றால் விநாடிக்கு அறுபது எழுபதுதான் முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான துண்டுகள். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒருமுறை மாடி ஏறி இறங்கும் ரெக்கார்டு ரூம் பியூன் நிலைமை அது. எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டு இல்லை, எல்லாம் சிப். தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃப்ளாஷ் மெமரிதான் அடிப்படை. ஒரு துண்டை எடுக்க மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் ஆகாது.

அதனால்தான் டப்பாவில் பெரிதாக அச்சடித்திருக்கும் "விநாடிக்கு 550 எம்பி"யைப் பார்த்து மயங்க வேண்டாம் என்கிறேன். பழைய கணினியில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா இரண்டாம் தலைமுறையாக இருந்தால் அதில் பாதிதான் கிடைக்கும். இருந்தாலும் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. நமக்கு வேண்டியது காத்திருப்பு குறைவது.

மாட்டுகிற வேலைக்கு வருவோம். பின்பக்க மூடியைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது டிஸ்க் அல்ல, ஃபேன். வெள்ளையாக, மாவு மாதிரி நைசான தூசி அடைத்திருந்தது. கிரானைட் குவாரியும் பாலிஷ் பட்டறையும் நிறைந்த மாவட்டம், ரோட்டோரக் கடை, வேறென்ன இருக்கும். பிரஷ் வைத்துத் துடைத்ததிலேயே இரைச்சல் பாதி குறைந்தது. பிறகு டிஸ்க்கை இழுத்து, அது உட்கார்ந்திருந்த தகரச் சட்டத்தின் நான்கு திருகைக் கழற்றி, அதே சட்டத்தில் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியை வைத்து முடுக்கினேன். இந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். சில பழைய லேப்டாப்களில் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் என்பதால் உள்ளே லொடலொடக்கும், ஓரத்தில் ஒரு பட்டை கொடுக்க வேண்டியிருக்கும். எம்.2 என்று சொல்லி விற்கும் சூயிங்கம் பட்டை வடிவத்தை ஆசைப்பட்டு வாங்கிவிட வேண்டாம். பழைய லேப்டாப் பலவற்றில் அதற்கு இடமே கிடையாது.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கலாம், குளோன்சில்லா இலவசம்தான். ஆனால் 500-லிருந்து 240-க்கு இறக்க வேண்டுமானால் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்த குப்பையும் கூடவே வரும். புதிதாக விண்டோஸ் போட்டேன். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க் மாறினாலும் போகாது. சாவி எண் கேட்டு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பலன்? ஊதுபத்தி கொளுத்த நேரமில்லை. பட்டனை அழுத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. குரோம், வேர்டு, ஸ்கேனர் மூன்றையும் திறந்து வைத்து மாறி மாறிப் போனாலும் திணறவில்லை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ராம் அதே 4 ஜிபிதான். பத்துப் பன்னிரண்டு டேப் திறந்தால் தடுமாற்றம் தெரிகிறது. முன்பு உறைந்து நின்ற இடத்தில் இப்போது ஒரு கணம் தயங்குகிறது, அவ்வளவுதான். வீடியோ எடிட்டிங் பக்கம் போனால் செயலி கையை விரித்துவிடும். பட்டா இணையதளத்தின் சர்வர் படுத்துவிட்டால் எஸ்எஸ்டி அதை எழுப்பாது என்பதையும் கடைக்காரத் தம்பிக்குச் சொல்லி வைத்தேன்.

குறையும் உண்டு. கல்யாண வீடியோ ஃபோல்டர் ஒன்றை அதே டிஸ்க்கில் நகலெடுத்துப் பார்த்தேன். முதலில் பறந்தது, கொஞ்சம் ஓடியதும் வேகம் பொத்தென்று விழுந்து பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கே வந்துவிட்டது. விலை குறைந்த எஸ்எஸ்டியில் தனி டிராம் சிப் இருக்காது. எழுதுவதை வேகமாக வாங்கிக்கொள்ளும் சின்னப் பகுதி நிரம்பியதும் அதன் சுயரூபம் தெரியும். ஸ்டுடியோக்காரர்கள் கூடுதல் காசு போட்டு நல்லதாக வாங்குவதே சரி. ஜெராக்ஸ் கடைக்கு இது போதும்.

சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. கிங்ஸ்டன் ஏ400-இன் 240 ஜிபி மாடலுக்கு 80 டெராபைட் எழுதும் அளவு என்று நிறுவனமே சொல்கிறது. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், அதாவது பத்து வருடத்துக்கு மேல். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஹார்டு டிஸ்க் சாவதற்கு முன் பெரும்பாலும் டிக் டிக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக இருந்து, இன்று காலை கண் திறக்காமலே போகும். உள்ளே இருந்ததை மீட்பதும் கடினம். அதனால் கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, கடைக் கணக்கையும் ஃபோட்டோவையும் அதில் நகல் வைக்கச் சொன்னேன்.

எங்கே வாங்குவது? இந்தப் பக்கத்து ஆட்களுக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டைவிட பெங்களூரு எஸ்.பி. ரோடு கிட்ட. ஓசூரில் வேலை செய்கிற யாரிடமாவது சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். ஆனால் கோளாறு வந்தால் திரும்பவும் அங்கேதான் போக வேண்டும். இருநூறு ரூபாய் அதிகமானாலும் கிருஷ்ணகிரியிலோ ஊத்தங்கரையிலோ ஜிஎஸ்டி பில்லோடு வாங்குவதே என் கட்சி. மூன்று வருட வாரன்டிக்கு அந்தப் பில்தான் ஆதாரம். 2 டெராபைட் ஆயிரம் ரூபாய் என்று ஆன்லைனில் வருவதைத் தொடவே வேண்டாம், உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி அளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது. 2023-இல் 240 ஜிபி 1,500 ரூபாய் அளவுக்கு இறங்கியிருந்தது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ஏறுமுகம். கிரூஷியல் பெயரில் கடைகளுக்கு விற்பதையே நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. ஆகவே பழைய விலையைச் சொல்லி கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொரு சிக்கலை எஸ்எஸ்டி தீர்க்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய செயலியை ஏற்காது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு என்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். அல்லது சி-டாக் உருவாக்கிய, இந்த லேப்டாப்களிலேயே கொடுக்கப்பட்ட பாஸ் லினக்ஸைப் போடலாம். தமிழ்99 விசைப்பலகையிலும் தட்டலாம். ஊரார் ஆதார் நகலைக் கையாளும் கடையில் அப்டேட் இல்லாத விண்டோஸ் ஆபத்து. அங்கேயும் லினக்ஸ் போடலாம் என்றால், ஆதார் சரிபார்க்கும் கைரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸைத்தான் கேட்கும்.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இது. எஸ்எஸ்டி போட்ட காசு வீண் இல்லை, ஒன்றிரண்டு வருடம் ஸ்கேனும் பிரிண்டும் இதிலேயே ஓட்டலாம். கைரேகை, பணப் பரிமாற்றம் எல்லாவற்றுக்கும் புதுக் கணினி ஒன்றுக்கு இப்போதிருந்தே சேர்க்க ஆரம்பியுங்கள். அது வந்ததும் இதில் லினக்ஸ் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். உங்களிடம் இருப்பது திட்டத்தின் ஆரம்ப வருடங்களில் வந்த 2 ஜிபி ராம் லேப்டாப் என்றால், ராமையும் ஏற்ற வழியிருந்தால் மட்டும் எஸ்எஸ்டி வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம். 4 ஜிபியோ அதற்கு மேலோ இருந்து, டிஸ்க் 100-ல் நின்றால் தயங்காமல் வாங்கலாம். மாட்டிய பிறகு ஒரு மாதமாவது பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள்.