துணைக்கால் தரும் மூச்சு

ஒன்றாம் வகுப்பிலிருந்து கோரஸாக வரும் ‘க, கா, கி, கீ’ எத்தனை முறை கேட்டாலும் அலுக்காத ராகம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு; மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம்தான். அந்தச் சின்ன அளவைப் பிள்ளைகள் காதாலேயே பிடித்துக்கொள்கிறார்கள். ‘ஆ’வுக்கு வாய் அகலத் திறக்கிறது, ‘ஈ’க்கு உதடுகள் பக்கவாட்டில் விரிகின்றன, ‘ஊ’வுக்குக் குவிந்து முன்னே வருகின்றன. முன்பல் விழுந்த வாயிலும் உயிரொலி பிசகுவதில்லை.

‘பாடம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிக்கும் பிள்ளையை டீச்சர் அதட்டுவதில்லை. அதன் விரலைத் துணைக்காலின் மேல் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். பிள்ளை மூச்சை இன்னும் கொஞ்சம் நீட்டி, ‘பா…டம்’ என்கிறது. இவ்வளவு நுட்பமான தாளக்கணக்கைப் பாட்டாகவே ஊட்டிவிடும் அந்தப் பொறுமை, சங்கீத வாத்தியாரின் பொறுமைக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.