ஞாயிற்று மரபும் நம் புலவர்களும்

கோலார் நகரத்துக் கோலாரம்மன் திருக்கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. முதல் இராசேந்திரன், முதற் குலோத்துங்கன் ஆகியோர் காலத்தன அவை. அவற்றில் ஊரின் பெயர் குவளாலம். அம்மையின் பெயர் பிடாரி. நம் தங்கவயல் மேடைகளில் இவற்றைச் சுட்டி, மனுவும் இக்குவாகுவும் சிபியும் தோன்றிய குலத்துச் சோழன் ஆண்ட மண் இது என முழங்குவோர் உளர். கைதட்டலும் குறைவின்றிக் கிடைக்கும்.

ஆயின் இம்முழக்கத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சோழர்க்கு முன் இந்நிலத்தை ஆண்ட கங்கர், குவளாலபுரத்துத் தலைவர் என்பதையே தம் விருதாகக் கொண்டவர்கள். பிற்காலக் கல்வெட்டுகள் அவர்களையும் இக்குவாகு குலத்தவர் என்றே கூறுகின்றன. வென்றவரும் தோற்றவரும் ஒரே ஞாயிற்றின் பிள்ளைகள் எனில், நடந்தது பங்காளிச் சண்டையா? குலமுறை என்பது நிலத்துக்குப் பட்டா அன்று. அரியணை ஏறியோர் விரும்பிச் சூடிய அணி. இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டைக் காண்க. அதன் வடமொழிப் பகுதி கதிரவன் தொட்டுப் புராண மன்னர்களை அடுக்குகிறது. தமிழ்ப் பகுதியோ ஊர் வழங்கிய செய்தியையும் எல்லையையும் பேசுகிறது. எல்லை காட்டப் பிடியானையை நடத்தினரேயன்றி மாந்தாதாவைச் சாட்சிக்கு அழைத்தாரல்லர். (எழுத்தர்களாகிய நம்மனோரின் முன்னோர் எழுதியது அப்பகுதியாகவே இருத்தல் வேண்டும்!) நம் பாட்டன்மாரும் இராசேந்திரன் படையோடு வந்தவர் அல்லர், 1880-க்குப் பின் சுரங்கத்தில் இறங்க வந்தவர்கள். அச்சுரங்கங்களும் 2001-இல் மூடப்பெற்றன.

அங்ஙனமாயின் இம்மரபுப் பட்டியல் முழுதும் பொய்யென ஒதுக்கலாமோ? அதுவும் பொருந்தாது. பட்டியலை யார், யாரிடம், எதன்பொருட்டுச் சொல்கின்றார் என நோக்கினால் இலக்கியம் அங்கே தொடங்குகிறது.

1070-இல் முடிசூடிய முதற் குலோத்துங்கன் தந்தைவழியிற் கீழைச் சளுக்கியன். தாய் அம்மங்கை இராசேந்திரனின் மகள். சளுக்கியரோ தம்மைத் திங்கள் மரபினர் என்போர். தாய்வழியே சோழ அரியணைக்கு வந்தவனுக்கு ஞாயிற்று மரபை நிறுவிக் காட்டும் தேவை மிகுதி. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் இராசபாரம்பரியம் என ஒரு பகுதியே அமைத்தது இதனாற்போலும். அவர் கையாண்ட வழி சுவையானது. நாரதர் கரிகாலனுக்குக் கூறுகிறார். அவன் இமயத்தில் எழுதிவைக்கிறான். அங்கிருந்து வந்த முதுபேய் அதனைக் காளிக்குச் சொல்கிறது. அரச பரம்பரையைப் பேயின் வாயில் வைத்த துணிவை என்னென்பது! பட்டியலின் அலுப்பை அப்பேயின் குரலே போக்குகிறது. ஆயினும் இத்துணைக் குலமுறை பாடப்பெற்ற மன்னன் காலத்திலேயே, 1116 அளவில், கங்கபாடி ஒய்சளர் கைக்குப் போயிற்று.

ஒட்டக்கூத்தர் விக்கிரமசோழனுலாவில் வேறு நெறி மேற்கொண்டார். முன்னோரைப் பெரும்பாலும் பெயரால் சுட்டாது செயலால் சுட்டினார். கன்றின்பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்டவன், புறாவின்பொருட்டுத் துலை புக்கவன், தூங்கெயில் எறிந்தவன் எனக் கண்ணிகள் விரைந்து செல்லும். யாரென்பதைக் கேட்போரே உணர்தல் வேண்டும். இது கதை அறிந்த அவைக்கு உரிய கவிதை. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் அக்கதைகளைக் கூறாதொழியின், கூத்தர் அவர்கள்பால் ஊமையே ஆவார். எனினும் என் கருத்தில் கூத்தர்பால் ஒரு குறை உண்டு. கோட்டை அழித்த வெற்றியும் மகனை இழந்த துயரும் அவர் கண்ணிகளில் ஒரே எடையாய்க் கடந்து செல்கின்றன.

சேக்கிழார் அங்ஙனம் கடந்தாரல்லர். திருவாரூரில் அரசன் ஏவலைச் செய்ய மாட்டாத அமைச்சன் தன் உயிரைத் துறப்பதையும், அதன்பின் அரசன் தானே தேரூர்வதையும் நின்று நிதானித்துப் பாடுகிறார். முடிவில் இறையருளால் இறந்தோர் எழுகின்றனர். அடியார் வரலாற்றுக்கு அது பொருந்தும்.

இளங்கோவடிகள் காட்டும் இடமோ இவை அனைத்தினும் வேறு. அங்கே சோழர் குலப்பெருமையை எடுத்துரைப்பவள் அரசவைப் புலவன் அல்லள். கணவனை இழந்த ஒரு பெண். கேட்பவனும் சோழன் அல்லன், தவறிழைத்த பாண்டியன். பிழைக்க வந்த வேற்று நாட்டில், காவலன் முன் நின்று, தன் ஊர் எதுவெனக் கூறும்போது அவள் சோழர் இருவரை நினைவூட்டுகிறாள். பறவையின் துயர் களைந்தவன் ஒருவன். ஆவின் கண்ணீர் நெஞ்சைச் சுடத் தன் மகனையே மடித்தவன் மற்றொருவன். புகழுரையாக இருந்த குலமுறை அவள் வாயில் வழக்குரையாகிறது. மகனும் அங்கே எழுவதில்லை, கன்றும் எழுவதில்லை. இமயத்தில் புலி பொறித்த கரிகாலனை அவ்வவையில் அவள் எடுத்துரைக்கவில்லை. கதிரவனையும் இக்குவாகுவையும் சொல்லவில்லை. பட்டியல் நீண்டிருப்பின் கையிலிருந்த ஒற்றைச் சிலம்பு காத்திருக்க நேர்ந்திருக்கும்.