கறுப்புத் தண்ணீர்க் கணக்கு

ஹியூமிக் என்ற வார்த்தையை நீங்கள் கேள்விப்பட்டிருக்காவிட்டால் பரவாயில்லை. இன்று மதியம் நீங்கள் சாப்பிட்ட சோறு அநேகமாகக் கேள்விப்பட்டிருக்கும்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். பாகூர் ஏரிப் பாசனத்திலும் சரி, வில்லியனூர் பக்கத்துப் போர்வெல் பாசனத்திலும் சரி, நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாளில் உரக்கடைக்குப் போகிற விவசாயி யூரியா மூட்டையோடு ஒரு பாட்டில் கறுப்புத் திரவத்தையும் தூக்கிக்கொண்டு வருவது சகஜமாகிவிட்டது. லேபிளில் தாடி மாதிரி அடர்ந்த வேர், கதிர் முற்றிய வயல். விலை சில நூறு ரூபாய். 'வேர் நல்லா ஓடும், தூர் கட்டும், உரம் வீணாகாது' என்று கடைக்காரர் சொல்வார். இதில் எவ்வளவு நிஜம்?

முதலில், அது என்ன சரக்கு என்று பார்த்துவிடலாம். இலை, வைக்கோல், சாணம் எல்லாம் மண்ணில் மட்கிக் கடைசியில் கறுப்பாக மிஞ்சுவதைக் காரத்தில் கரைத்தால் காப்பி டிகாக்ஷன் மாதிரி ஒரு திரவம் வரும். அதில் அமிலம் விட்டால் கசடாகப் படிவது ஹியூமிக் அமிலம். படியாமல் கரைந்தே இருப்பது ஃபுல்விக் அமிலம். 1786-லேயே ஆஷார்ட் என்ற ஜெர்மன் விஞ்ஞானி இதைச் செய்து பார்த்துவிட்டார். வியாபாரத்துக்கு இதைப் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுக்கிறார்கள். அதற்காக ரொம்ப தூரம் போக வேண்டாம். பாகூரிலிருந்து பஸ் பிடித்தால் நெய்வேலி. அங்கே வெட்டுகிற நிலக்கரியிலிருந்து ஹியூமிக் எடுத்து, நம் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நெல் உட்படப் பல பயிர்களில் சோதித்திருக்கிறார்கள். ஆக, இது வெறும் சாயத்தண்ணீர் என்று ஒதுக்கிவிட முடியாது. சரக்கு நிஜம். சந்தேகம் அளவில்தான்.

கொஞ்சம் கணக்கு போடலாம், பயப்படாதீர்கள். ஒரு ஏக்கரில் மேல்மண் அரையடி ஆழத்துக்குத் தோராயமாக ஒன்பது லட்சம் கிலோ. அதில் கரிமச்சத்து 0.5 சதவிகிதம் என்று வையுங்கள். மண் பரிசோதனையில் 'குறைவு', 'நடுத்தரம்' இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு அது. அப்படிப்பட்ட ஏழை மண்ணிலேயே மட்கிய பொருள் ஏழாயிரத்து எழுநூறு கிலோ இருக்கும். இப்போது பாட்டிலுக்கு வாருங்கள். 12 சதவிகித ஹியூமிக், ஏக்கருக்கு ஒரு லிட்டர் என்றால் மொத்தம் 120 கிராம். ஏழாயிரத்து எழுநூறு கிலோவோடு 120 கிராம்! கடலில் கரைத்த பெருங்காயம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மேலே சொன்ன நெய்வேலிச் சரக்குச் சோதனைகளில் மண்ணில் இட்ட அளவு ஹெக்டேருக்குப் 10 கிலோ, 20 கிலோ. ஏக்கருக்கு நாலு முதல் எட்டுக் கிலோ. அந்த முடிவைக் காட்டி 120 கிராமை விற்றால், ஜமுக்காளத்தில் வடிகட்டின... வேண்டாம், வியாபாரம் என்றே சொல்லிவைப்போம்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வாதம் உண்டு. 'ஐயா, நாங்கள் மண்ணை வளமாக்குவதாகச் சொல்லவில்லை. ஹியூமிக் வேரைத் தூண்டிவிடுகிறது, ஹார்மோன் மாதிரி. அதற்குக் கொஞ்சம் போதும்.' இது நியாயமான வாதம். வேரின் செல் சவ்வில் ஹியூமிக் சில மாற்றங்களைத் தூண்டுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் உலகம் முழுக்க நடந்த சோதனைகளைத் திரட்டி ஓர் அலசல் வந்தது. செடியின் மேல்பாகம் சராசரியாக 22 சதவிகிதமும் வேர் 21 சதவிகிதமும் கூடியதாகக் கண்டார்கள். பிரமாதம். ஆனால், அவற்றில் மிகப் பல தொட்டியிலும் கண்ணாடிக் கூடத்திலும் நடந்தவை. தொட்டியில் வேர் கூடினால் வயலில் மூட்டை கூடும் என்று கட்டாயம் இல்லை. அந்த அலசலும், ஹியூமிக் எடுத்த மூலப்பொருள், போட்ட அளவு, செடி, சூழல் எல்லாவற்றையும் பொறுத்துப் பலன் ஏறி இறங்குகிறது என்றே சொல்கிறது.

இங்கேதான் இந்த பாட்டிலின் உண்மையான சாமர்த்தியம் இருக்கிறது. பாட்டிலும் தெளிக்கும் கூலியும் சேர்த்து ஏக்கருக்கு ஆயிரம் ரூபாய் என்று வையுங்கள். சாதாரண ரக நெல்லுக்கு 2025-26-ல் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். போட்ட காசை எடுக்க 42 கிலோ நெல் கூடினால் போதும். ஏக்கருக்கு இரண்டரை டன் விளைகிற வயலில் அது இரண்டு சதவிகிதம்கூட இல்லை. வரப்பில் நின்று பார்க்கிற யாருக்கும் இரண்டு சதவிகிதம் கண்ணுக்குத் தெரியாது. கூடினாலும் தெரியாது, கூடாவிட்டாலும் தெரியாது. நல்ல மழை பெய்து நன்றாக விளைந்தால் பாட்டிலுக்குப் பெயர். விளையாவிட்டால் 'இதைப் போடாம இருந்தா இன்னும் மோசமாயிருக்கும்'. தோற்கவே முடியாத ஆட்டம்.

அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. பல வருஷம் இந்தச் சரக்குகளைக் கேட்க ஆளில்லை. 2021 பிப்ரவரியில்தான் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 'உயிரி ஊக்கி' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். இன்ன பயிருக்கு, இன்ன அளவு என்று வயல் சோதனை காட்டிப் பட்டியலில் இடம் பிடிக்க வேண்டும். தாற்காலிகப் பதிவில் ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கு 2025 ஜூனோடு கெடு முடிந்தது. அடுத்த மாதம் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் சொன்ன கணக்கு: ஒருகாலத்தில் சுமார் முப்பதாயிரம் ஊக்கிகள் விற்றுக்கொண்டிருந்தன, பிறகு எட்டாயிரம், கெடுபிடி வந்ததும் ஏறக்குறைய 650. மீதி இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்துக்கும் காசு கொடுத்தது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

அமைச்சர் இன்னொன்றும் சொன்னார். மானிய உரம் வேண்டுமென்றால் இதையும் வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 45 கிலோ யூரியா மூட்டைக்கு அரசு நிர்ணயித்த விலை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் நீங்கலாக 242 ரூபாய். அதை வாங்க அதைவிட விலை கூடிய பாட்டிலைத் தலையில் கட்டினால், அது கொழுக்கட்டைக்குள் பூரணம் இல்லை, கொழுக்கட்டையைவிடப் பெரிய பூரணம்.

சரி, தீர்ப்பு என்ன? மணல் கலந்த நிலம், மட்கு ரொம்பக் குறைந்த நிலம், நாற்றங்கால், குழித்தட்டு நாற்று, சொட்டு நீரில் வளர்கிற காய்கறி... இவற்றில் ஹியூமிக்கைச் சோதித்துப் பார்க்க நியாயம் உண்டு. ஏற்கெனவே தொழு உரம் போட்டு வருகிற பாகூர் களிமண் நெல் வயலுக்கு அது கடைசிச் செலவு. முதல் செலவு மண் பரிசோதனை. துத்தநாகம் குறைந்த மண்ணுக்கு எத்தனை பாட்டில் ஊற்றினாலும் துத்தநாகம் வராது; ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட் போட்டால் வரும். அடுத்தது தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு இருபது கிலோ விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதால் குறைந்தது இரண்டரை டன் பசுந்தழை. காய வைத்துக் கணக்கிட்டாலும் ஐந்நூறு கிலோ. அதில் பெரும்பகுதி மட்கிக் காற்றோடு போகும் என்றாலும் மிஞ்சுவது 120 கிராமைவிட எத்தனையோ மடங்கு. ஆட்டுக்கிடையும் ஏரி வண்டலும் அந்த வகைதான். அவற்றுக்கு லேபிள் கிடையாது, அதனால் ஏஜென்ட்டும் கிடையாது.

நம்பிக்கை விடவில்லை, போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு காரியம் செய்யலாம். ஒரே வயலில் ஆறு பட்டைகள். ஒன்றுவிட்டு ஒன்றில் மருந்து. மற்றதில் வெறும் தண்ணீர். மற்ற எல்லாம் சமம். அறுவடையில் ஒவ்வொரு பட்டையையும் தனியாக அடித்துத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பருவம் செய்தால் விஞ்ஞானிக்கும் பதில் சொல்லலாம், கடைக்காரருக்கும் பதில் சொல்லலாம்.

'எனக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? பாகூரில் குத்தகைக்கு விட்ட இரண்டு ஏக்கர் இருக்கலாம். இல்லாவிட்டால், மொட்டை மாடியில் கத்தரிச் செடியும் அதற்காக வாங்கிய ஒரு கறுப்பு பாட்டிலும் இருக்கலாம். அடுத்த தடவை வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் ஹியூமிக் எத்தனை கிராம்? எந்தப் பயிருக்குப் பதிவு? சோதனையில் போட்ட அளவு எவ்வளவு? மூன்றுக்கும் பதில் வந்தால் வாங்கலாம். லேபிளில் இருக்கிற தாடி வேரைக் காட்டினால், அந்தக் காசுக்குத் தக்கைப்பூண்டு விதை வாங்குங்கள்.