கண்டதும் கருதியதும்

ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், வானாய்வு நிலையம் ஒன்று உள்ளது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. கோள் மறைக்காத வேளையிலும் அவ்விண்மீன் சில நொடிகள் மங்கியதை அங்கிருந்தோர் பதிவு செய்தனர். புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டதாகக் கருதினர். பிறர் பதிவுகளோடு ஒப்பிட்டபோது, குறுக்கிட்டவை யுரேனஸின் வளையங்களே எனத் தெளிவாயிற்று. அவர்கள் கண்டது மெய், கருதியது திருத்தப்பட்டது.

இப்பகுப்பு, சதிச் செய்திகளை எழுதும் ஏடுகளுக்கும் இன்றியமையாதது. 2003 ஜனவரி 5இல் இலண்டனின் உட்கிரீன் பகுதியில் காவல்துறையினர் ஒரு குடியிருப்பைச் சோதனையிட்டனர். நச்சுத் தயாரிப்புக் குறிப்புகளும் 22 ஆமணக்கு விதைகளும் அகப்பட்டன. ஆமணக்கு விதையிலிருந்து பெறப்படும் ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும் என்றது முதற்சோதனை. ‘இருக்கக்கூடும்’ என்பது இரண்டே நாளில் ‘இருந்தது’ என அறிவிப்பாயிற்று. போர்ட்டன் டவுன் ஆய்வகத்தின் நுண்சோதனையோ ரிசின் இல்லையென்றே கண்டது. அம்முடிவு மக்களுக்குத் தெரியவந்தது 2005 ஏப்ரலில், வழக்கு முடிந்த பின்னரே. இதற்கிடையே, 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஈராக்குக்கு எதிராக வாதிட்ட காலின் பவல், பிரிட்டனின் நச்சுக் குழுவையும் எடுத்துக்காட்டினார். அடுத்த மாதமே போர் மூண்டது.

நஞ்சு இல்லை என்பதால் சதியே இல்லை என்று நம்மவர் சிலர் வாதிப்பதும் பிழையே. கமெல் பூர்காஸ் சதிக் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. காவலர் ஒருவரைக் கொன்ற குற்றமும் அவன்மீது மெய்ப்பிக்கப்பட்டது. அவனுக்காகப் பரிந்து பேச நமக்கு ஏதுமில்லை. ஆனால், அவனோடு கூண்டில் நின்ற நால்வர் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டனர். ஈராண்டுக்கு மேலாக அவர்கள் சுமந்த பழிக்கு, இல்லாத நஞ்சும் ஒரு காரணமன்றோ?

ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியை மட்டுமன்றி அறிவிப்பாளர் வரிசையையும் ஆராய்ந்தனர். நாளேட்டில் ‘இரசாயனம் சிக்கியது’ என்று காணும்போது நாமும் கேட்போம்: எப்பொருள்? எவ்வளவு? முதற்சோதனையா, ஆய்வக முடிவா? சொன்னவர் யார்? விடை வரும்வரை, அச்செய்தியைப் பழியாகவோ மறுப்பாகவோ பரப்பாதிருத்தல் நம் கடன். முதற்பக்கத்தில் குற்றத்தை அச்சிட்ட ஏட்டுக்கோ, திருத்தத்தையும் அதே பக்கத்தில் அச்சிடும் கடன் உண்டு.